வயிற்றுக்கு ஒரு கவசம்



நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்கின் சரிவுகளில் விளைகின்ற கேரட்டையும் முட்டைக்கோஸையும் உருளைக்கிழங்கையும் தோட்டத்து ஓரத்திலேயே ஏற்றிக்கொண்டு, மேட்டுப்பாளையத்து மண்டியை நோக்கி இறங்குகின்ற பிக்கப் வண்டிகளைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால், தார்ச் சாலையை வந்து சேரும் வரையில் அவ்வண்டிகள் கடக்க வேண்டிய மண் தடத்தைப் பார்த்தவர்கள் சிலராகவே இருப்பர். மழைக்காலந்தோறும் சக்கரங்கள் ஓடி ஓடி இருபுறமும் பள்ளமாகிவிட, நடுவில் மட்டும் கல்லும் மண்ணுமாய் ஒரு முதுகு எழும்பி நிற்கும். பாரம் ஏறியதும் வில் பட்டைகள் அமுங்கி வண்டி தாழும். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தும்போதோ முன்பக்கம் இன்னும் சற்றுக் குனியும். ஆகவே, ஏறி வரும்போது தொடாத கல், பாரத்தோடு இறங்கும்போது வண்டியின் வயிற்றில் இடிக்கிறது. அந்த வயிற்றுக்கு அடியில் பூட்டுகின்ற கவசத் தகட்டைப் பற்றித்தான் இன்று தங்களோடு பேச விரும்புகிறேன். பட்டறைகளில் இதைச் சேம்பர் கார்டு என்போம்; இன்ஜின் கார்டு என்பாரும் உண்டு.

இன்ஜினுக்குக் கீழே எண்ணெய் தங்கியிருக்கின்ற பாத்திரத்துக்குத்தான் சேம்பர் என்று பெயர். பழைய வண்டிகளில் அது பெரும்பாலும் இரும்புத் தகட்டால் ஆனது. கல் இடித்தால் நசுங்கும். புதிய வண்டிகள் பலவற்றில் அது அலுமினிய வார்ப்பு. இடித்தால் நசுங்காது, விரிசல் விட்டுவிடும். ஒரு மார்கழி மாதத்து விடியலில், கேரட் மூட்டைகளோடு இறங்கிய ஓர் இளைஞரின் வண்டியில் அப்படித்தான் நேர்ந்தது. எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிவதை அவர் பார்த்திருக்கிறார். ஆயினும், தார்ச் சாலை கண்ணுக்கெதிரே தெரிகிறதே, அதுவரை போய்விடலாம் என்று ஓட்டியிருக்கிறார். எண்ணெயின்றிச் சுழன்ற கிராங்கின் பேரிங்குகள் உருகிப் பிடித்துக்கொண்டன. ஒரு தகட்டால் தடுத்திருக்கக்கூடிய சேதத்தால், இன்ஜின் முழுவதையும் பிரித்து வேலை செய்யும்படி ஆயிற்று. நேயர்களே, அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால், இடம் எதுவானாலும், வண்டியை நிறுத்தி அந்தக் கணமே இன்ஜினை அணைத்துவிடுங்கள். இதை நான் கேட்டுக்கொள்வதாக அல்ல, வேண்டிக்கொள்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கவசம் புதிய கண்டுபிடிப்பு அன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்து வில்லிஸ் ஜீப்பிலேயே கியர்ப் பெட்டியின் அடிப்பாகத்தைக் காக்க இத்தகைய தகடு ஒன்று இருந்தது. நான் சிறுவனாய் எடுபிடி வேலைக்குச் சேர்ந்த பட்டறையில் மேஸ்திரியாய் இருந்தவர் அத்தகைய ஜீப்புகளின் அடியில் படுத்தே தொழில் கற்றவர். அவர் எனக்குச் சொல்லிய முதற் பாடம் இன்றும் என் காதில் ஒலிக்கிறது: “கல்லுகூடச் சண்டைக்குப் போகாதடா தம்பி, அது போறதுக்கு வழி விடு.” தகடு என்றால் இடியைத் தாங்குவதற்கு என்றே எண்ணியிருந்த எனக்கு, கல்லைச் சறுக்கி அனுப்பிவிடுவதே அதன் பிரதான தர்மம் என்று விளங்கச் சில வருஷங்கள் பிடித்தன.

அந்தத் தர்மம் முழுவதும் தகட்டின் வடிவத்தில் அடங்கியிருக்கிறது. முன் விளிம்பு பம்பரை நோக்கி மேலேறி மறைந்திருக்க வேண்டும். எதிர்ப்படும் கல்லுக்கு விளிம்பு தெரியாமல் சரிவு மட்டுமே தெரிய வேண்டும். இன்ஜினுக்கு ஒன்று, கியர்ப் பெட்டிக்கு ஒன்று, நான்கு சக்கர இழுவையுள்ள வண்டியானால் அதன் பகிர்வுப் பெட்டிக்கு ஒன்று எனத் தகடுகள் வரிசையாக வரும்போது, முன் தகட்டின் பின் விளிம்பு அடுத்த தகட்டின் முன் விளிம்பைக் கீழிருந்து மூடிக்கொண்டு நிற்க வேண்டும். ஓடு வேய்கின்றவர், மேல் ஓட்டின் விளிம்பைக் கீழ் ஓட்டின்மேல் படியும்படி வைப்பதால் அல்லவோ மழைநீர் தடையின்றி வழிந்தோடுகிறது? மீனின் செதில்கள் தலையிலிருந்து வாலை நோக்கி ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதால் அல்லவோ அதை வாற்புறமாகத் தடவும் கை வழுக்கிக்கொண்டு போகிறது? நீருக்கும் கைக்கும் செய்த உபாயத்தையே நாம் கல்லுக்கும் செய்கிறோம். பின்னோக்கி எடுக்கும்போது அவ்விளிம்பு தட்டாதா என்று தாங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. அதற்காகத்தான் பின் விளிம்பையும் சிறிதே மேல்நோக்கி மடித்துவிடுகிறோம்.

வேலை முடிந்ததும் எங்கள் மேஸ்திரி செய்கின்ற பரீட்சை ஒன்று உண்டு. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கண்களை மூடிக்கொண்டு, குழந்தையின் தலையை நெற்றியிலிருந்து பிடரி வரை வருடுவதுபோல, தகடுகளின்மேல் முன்னிருந்து பின்னாகத் தம் விரல்களை ஓட்டுவார். எங்காவது விரல் தடுக்கினால், “இங்கே கல்லும் தடுக்கும்” என்று சொல்லி, பூட்டியதையெல்லாம் கழற்றச் செய்வார். பெரும்பாலும் தடுக்குவது போல்ட்டின் தலையில்தான். புடைத்து நிற்கின்ற தலையைக் கல் ஒரே உரசலில் சீவிவிடும். ஆகையால், தகட்டில் குழி அமைத்து, தலை அதற்குள் அமிழ்ந்திருக்கும்படி செய்வதே உத்தமம்.

கனமான தகடே பலமான தகடு என்றெண்ணி, 8 மில்லிமீட்டர் இரும்பை மடிப்பே இன்றித் தட்டையாக எங்கோ பூட்டிக்கொண்டு என்னிடம் ஒருவர் வந்தார். அதன் முன் விளிம்பு கலப்பையின் கொழுவைப்போல் நீட்டிக்கொண்டிருந்தது. தடத்து முதுகில் அது குத்தியதும் போல்ட்டுகள் அறுந்து, தகடே பின்னுக்கு நகர்ந்து சேம்பரை உடைத்துவிட்டது. காக்க வந்ததே கேடு செய்தது. தகட்டின் கனத்தை இரட்டித்தால் விறைப்பு ஏறத்தாழ 8 மடங்காவது மெய்தான். ஆனால், ஓரங்களை ஓர் அங்குலம் மேலே மடித்து, நடுவில் ஒரு புடைப்பு வரி ஓட்டினாலே, எடை கூடாமல் விறைப்பு வந்துவிடும். 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 23 கிலோவுக்குச் சற்று அதிகம். 6 மில்லிமீட்டர் அலுமினியமோ 16 கிலோதான். அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் கூர்ங்கல் அதைக் கீறிக் கவ்விக்கொள்ளும். இரும்பு கல்லின்மேல் வழுக்கும். நசுங்கினாலும் சம்மட்டியால் தட்டி நிமிர்த்திவிடலாம். கல் மிகுந்த எங்கள் தடங்களுக்கு இரும்பே ஏற்றது என்பது என் அனுபவம்.

பூட்டும் முறையைச் சுருக்கமாகவே சொல்ல நேரம் இருக்கிறது. சமதரையில், இன்ஜின் ஆறிய பிறகு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேசிஸைத் திடமான ஸ்டாண்டின்மேல் இருத்திய பின்னரே அடியில் செல்லுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உயிரை வைக்காதீர்கள். தகட்டைச் சேசிஸில்தான் பூட்ட வேண்டும், இன்ஜினில் அன்று. ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்த இன்ஜின் ஆடும். ஆதலால் சேம்பருக்கும் தகட்டுக்கும் இடையே ஓர் அங்குலமாவது வெளி வேண்டும். சேசிஸில் வெல்டிங் வைப்பது கூடவே கூடாது. அந்தச் சூடு அதன் பலத்தைக் குறைத்துவிடும். இருக்கின்ற துளைகளின் மரையைச் சுத்தம் செய்து, எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையாலேயே ஏற்றி, தகடு தன் இடத்தில் அமர்ந்த பிறகே, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு ஒவ்வொன்றாக முடுக்குங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் சரிபாருங்கள். தகட்டில் ஆயில் பிளக்குக்கு நேரே ஒரு துளையும், நீரும் சேறும் வெளியேறச் சில துளைகளும் அவசியம். தகட்டால் புகைக்குழாயை மூடிவிடாதீர்கள். சூடான குழாய்க்கு அருகே தகட்டின்மேல் சேர்ந்திருந்த காய்ந்த புல்லிலிருந்து புகை கிளம்பியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆகையால் மாதம் ஒரு முறையேனும் அங்கே சேர்வதைக் கழுவி அகற்றுங்கள்.

மேட்டுத் தோட்டத்தில் ஒரு குடும்பம் மூன்று மாதம் பாடுபட்டு விளைவித்ததை அந்த வண்டிதான் சந்தைக்குச் சுமந்து செல்கிறது. தாங்கள் அத்தகைய வண்டியை ஓட்டுபவரானால், அடுத்த ஓய்வு நாளில், வண்டி குளிர்ந்திருக்கும் வேளையில், முன்னிருந்து பின்னாகத் தங்கள் விரலை ஒரு முறை அதன் வயிற்றில் ஓட்டிப் பாருங்கள். எங்கும் தடுக்காமல் அந்த விரல் பின்னே போய்ச் சேருமானால், தங்கள் கேரட் மூட்டைகளும் மேட்டுப்பாளையம் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.