குழல்வாயை விட்டுப் புறப்படும் வேகம்

துப்பாக்கிக் குழலின் வாயை விட்டுக் குண்டு வெளிப்படும் அந்த க்ஷணத்தில் அதன் வேகம் என்ன என்ற கேள்விக்கு, ஐரோப்பாவில் வெடிமருந்து புழக்கத்துக்கு வந்து சில நூற்றாண்டுகள் கழியும் வரையில் எவராலும் நிச்சயமான விடை கூற இயலவில்லை. கண்ணுக்கும் கடிகாரத்துக்கும் அகப்படாத ஒன்றை அனுமானத்தினாலேயே நிர்ணயம் செய்துவந்த பீரங்கி சாஸ்திரிகள், கனத்த குண்டுக்குக் காற்று ஒரு பெரிய தடையாக இராது என்றும் தீர்மானித்திருந்தார்கள்.

1742-ஆம் ஆண்டில் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலக் கணித வித்வான் வெளியிட்ட நூல் இந்த அனுமானங்களைக் கலைத்துவிட்டது. அவருடைய யுக்தி மிக எளியது. கனத்த கட்டை ஒன்றை ஊசலாகத் தொங்கவிட்டு, அதன்மீது சுட்டார். குண்டு கட்டையில் புதைய, கட்டை பின்னே ஆட, அதில் இணைத்திருந்த நாடா எவ்வளவு நீளம் இழுபட்டது என்று பார்த்து, இரண்டின் எடையையும் கொண்டு கணக்கிட்டால், குண்டு வந்து மோதிய வேகம் தெரிந்துவிடும். விநாடிக்கு ஏறக்குறைய 1,700 அடி, அதாவது ஓசையின் வேகத்தைப் போல் ஒன்றரை மடங்கு என்று கண்ட அவர், ஊசலைத் தள்ளித் தள்ளி வைத்தும் சுட்டு, அந்த வேகத்தில் காற்று காட்டும் எதிர்ப்பு குண்டின் எடையையே பன்மடங்கு விஞ்சுகிறது என்பதையும் நிரூபித்தார். ஆய்லரைப் போன்ற மகா கணித மேதை அந்நூலை ஜெர்மன் பாஷையில் பெயர்த்து, மூலத்தைவிட நீண்ட வியாக்கியானமும் எழுதிச் சேர்த்தார் என்றால் அதன் பெருமைக்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. இந்த ராபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிடுவதற்காக நம்முடைய கரைக்கே வந்தவர். 1751 ஜூலையில் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில், நாற்பத்துநான்கு வயதில், ஜுரத்தால் மாண்டுபோனார். அந்தக் கோட்டை இருந்த தேவனாம்பட்டினத்துக் கடற்கரைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இனி, ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். ராபின்ஸுக்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1871-இல் ஆங்கிலச் சைனியம் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் குண்டு, விநாடிக்குச் சுமார் 1,300 அடி வேகத்தில்தான் புறப்பட்டது. வேகம் குறைந்திருக்க, ஆயுதம் மட்டும் மேம்பட்டது எப்படி? பழைய மஸ்கெட்டின் உருண்டைக் குண்டு எவ்வளவு ஆவேசத்தோடு கிளம்பினாலும், அந்த வேகத்தைக் காற்றிடம் சடுதியில் இழந்துவிடும். அதோடு, திசை மாறி எங்கோ போய் விழும். ரைபிளின் குழலுக்குள் வெட்டியுள்ள சுருள் சால்கள் நீண்ட குண்டைச் சுழற்றி அனுப்புவதால், அது முனை முன்னோக்கியே சென்று, பெற்ற வேகத்தை நெடுந்தூரம் காப்பாற்றிக்கொள்கிறது. ஆகவே, புறப்படும் வேகம் ஒன்றையே சொல்லித் துப்பாக்கிகளின் தராதரம் பேசுகிறவர்களுடைய வாதத்தை நான் பாதி வாதம் என்றே கருதுகிறேன்.

ஆயினும், பாதியேனும் அது முக்கியமான பாதி. வேகம் மிகுந்தால் குண்டு இலக்கை அடையும் காலம் குறையும்; காலம் குறைந்தால் அது கீழே இறங்குவதும் குறையும்; தூரத்தைத் தவறாக மதிப்பிட்ட சிப்பாயின் பிழையும் ஓரளவு மன்னிக்கப்பட்டுவிடும். கரும்புகை கக்கும் பழைய மருந்தால் இந்த வேகத்தை மேலும் உயர்த்த வழியில்லாதிருந்தபோது, 1884-இல் பால் வியேய் என்ற பிரெஞ்சு ரசாயன நிபுணர் புகையில்லா மருந்தைக் கண்டார்; இரண்டே ஆண்டுகளில் வந்த லெபெல் ரைபிள் 2,000 அடியைத் தாண்டியது. 1905 வாக்கில் ஜெர்மானியர் இலேசான கூர்முனைக் குண்டைக் கொண்டு 2,800 அடிக்கும் மேல் போனார்கள்.

கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியின் கதை வேறு. குதிரைமேல் அமர்ந்தவன் நெடிய துப்பாக்கியைக் கையாள முடியாது என்பதற்காகக் குழலைக் குறுக்கினார்கள். குறுக்கிய அளவுக்கு, மருந்தின் ஆவி குண்டைத் தள்ளும் காலமும் குறைந்தது. மார்ட்டினி ரைபிளின் தோட்டாவில் 85 கிரெய்ன் மருந்தும் 480 கிரெய்ன் குண்டும் இருந்தன. அதையே இலேசான கார்பைனில் போட்டுச் சுட்டால் தோள் தாங்காதாகையால், குதிரை வீரனுக்கென்று 70 கிரெய்ன் மருந்தும் 410 கிரெய்ன் குண்டும் கொண்ட தனித் தோட்டா செய்தார்கள். போயர் யுத்தத்துக்குப் பிறகு ஆங்கிலேயர் இந்தப் பேதத்தையே ஒழித்து, லீ-என்ஃபீல்டின் முப்பது அங்குலக் குழலை இருபத்தைந்தாகக் குறைத்துக் காலாளுக்கும் குதிரை வீரனுக்கும் பொதுவாக்கியபோது, ரைபிளைக் கெடுத்துவிட்டார்கள் என்று நிபுணர்கள் பலர் கூக்குரலிட்டார்கள். குண்டு குழல்வாயை நெருங்கும்போது ஆவியின் அழுத்தம் பெரும்பாலும் தணிந்திருக்குமாதலால், உண்மையில் நேர்ந்த நஷ்டம் சொற்பமே.

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கர், 18 அங்குலக் குழலுக்கென்றே சிறிய தோட்டா ஒன்றை அமைத்து, 2,000 அடிக்குச் சற்றே குறைந்த வேகத்தோடு திருப்தியடைந்து, எம்-1 கார்பைனை அறுபது லட்சத்துக்கு மேல் செய்து குவித்தார்கள். ஆங்கிலேயரோ, 1944-இல், முழு வலிமை கொண்ட பழைய தோட்டாவை மாற்றாமலே நாலாம் நம்பர் லீ-என்ஃபீல்ட் ரைபிளை மட்டும் குறுக்கி, காட்டுப் போருக்கான கார்பைனைக் கொண்டுவந்தார்கள். மருந்து எரிந்து தீருமுன்பே குண்டு வெளியேறிவிட, குழல்வாயில் தீப்பிழம்பு எழுந்தது; அதை மறைக்கப் புனல் போன்ற மூடி. பின்னுதைப்பு தோளை நொறுக்கியது; அதைத் தணிக்க ரப்பர் அட்டை. குறி நிலைக்கவில்லை என்ற புகாருக்கு மட்டும் பரிகாரம் கிட்டாமற்போகவே, 1947-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டு, நீண்ட குழலுடைய நாலாம் நம்பர் ரைபிளையே தொடர்ந்து வைத்துக்கொண்டார்கள்.