பரணில் கிடக்கும் துப்பாக்கி



2013 ஜனவரி. அமெரிக்காவின் சியாட்டில் நகரம். நெடுஞ்சாலை மேம்பாலத்துக்கு அடியில் கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன. போலீஸ் துப்பாக்கி வாங்குகிறது! பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, உனக்கு இது எப்படி வந்தது என்றும் கேட்பதில்லை. கொடுத்தால் நூறு டாலர் கிஃப்ட் கார்டு. ராணுவ பாணித் துப்பாக்கி என்றால் இருநூறு. அந்த வரிசைக்குள்ளேயே கையில் ரொக்கத்தோடு சிலர் காருக்குக் கார் நடக்கிறார்கள். "போலீஸ் தருவதைவிடக் கூடுதலாகத் தருகிறேன், எனக்கே கொடுத்துவிட்டுப் போங்கள்" என்கிறார்கள். போலீஸ்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான். தனி ஆள் தனி ஆளுக்குத் துப்பாக்கி விற்பது அன்றைக்கு அந்த மாநிலத்தில் சட்டப்படி சரி. வாங்குகிறவரின் பின்னணியைச் சோதித்தாக வேண்டும் என்ற விதி 2014 மக்கள் வாக்கெடுப்புக்குப் பிறகுதான் வந்தது.

போலீஸ் ஒரு பக்கம், வியாபாரி ஒரு பக்கம், நடுவில் துப்பாக்கியோடு ஒரு குடும்பத்தலைவி. அந்த அம்மாளைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களிடம் பேசப்போகிறேன். ஏனென்றால் காசு கொடுத்துத் துப்பாக்கியைத் திரும்ப வாங்கும் இந்தத் திட்டத்தைப் புகழ்கிறவர்களும் சரி, இகழ்கிறவர்களும் சரி, அவரைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

முதலில் இகழ்கிறவர்கள் பக்கம் போவோம். அவர்கள் கையில் சரக்கு இருக்கிறது, மறுக்க முடியாது. இது பழைய திட்டம். 1974-லேயே பால்டிமோர் போலீஸ் துப்பாக்கி ஒன்றுக்கு ஐம்பது டாலர் கொடுத்தது. பதின்மூன்றாயிரத்துக்கும் மேல் குவிந்தன. அதே காலத்தில் அந்த நகரத்தில் துப்பாக்கிக் கொலை குறைந்ததா? கூடியது! 2018-ல் அதே பால்டிமோரில் மறுபடி நடத்தினார்கள். ஒரு பெண் தன் கைத்துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, இந்தப் பணத்தில் இதைவிடப் பெரியதாக ஒன்று வாங்கப்போகிறேன் என்று தொலைக்காட்சிக்காரரிடமே சொன்னார். ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

சிக்காகோவில் 2012-ல் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமைக்காக வாதாடுகிறவர்கள் ஒரு வேலை செய்தார்கள். துருப்பிடித்த, சுடாத துப்பாக்கிகளாகப் பார்த்து அறுபதைப் பொறுக்கிக்கொண்டு போலீஸிடம் போனார்கள். கிடைத்தது ஆறாயிரத்துச் சொச்சம் டாலர். அந்தப் பணத்தைப் பிள்ளைகளுக்குச் சுடக் கற்றுக்கொடுக்கும் முகாமுக்குத் தோட்டாவும் துப்பாக்கியும் வாங்கச் செலவழித்தார்கள். காசு அரசாங்கத்துடையது, பயிற்சி இவர்களுடையது! 2022-ல் நியூயார்க் மாநிலத்து யூட்டிகாவில் இன்னும் ஒரு படி மேலே போனார் ஒருவர். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் தானே அச்சிட்ட துப்பாக்கி உதிரிப் பாகங்களைக் கொண்டுவந்து கொட்டினார். பேரம் பேசினார். 21,000 டாலருக்கு கிஃப்ட் கார்டு வாங்கிக்கொண்டு போனார். கேள்வி கேட்கமாட்டோம் என்று சொன்னது வாங்குகிறவர்கள்தானே!

புகழ்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. மறுநாள் காலையில் நீளமேசை போட்டு, துப்பாக்கிகளை அடுக்கி, பின்னால் மேயரும் போலீஸ் தலைவரும் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். 2012 டிசம்பரில், கனெக்டிகட் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் கொல்லப்பட்ட இரண்டு வாரத்துக்குள்ளேயே, லாஸ் ஏஞ்சலிஸில் இரண்டாயிரத்துக்கு மேல் வந்து சேர்ந்தன. அவற்றில் ராக்கெட் லாஞ்சர் குழாய் இரண்டு. பத்திரிகைகளுக்கு அந்த இரண்டு குழாய் போதாதா? ஊரே பாதுகாப்பாகிவிட்டது போல ஒரு தோற்றம். ஆனால் அந்த நாட்டு மக்களிடம் உள்ள துப்பாக்கிகள் 39 கோடிக்கும் மேல் என்பது 2018-ல் வந்த கணிப்பு. ஏரியில் ஒரு குடம் மொண்டுவிட்டு மதகைத் திறந்தேன் என்று சொன்னால் எந்த விவசாயி நம்புவான்? கொலைகாரன் தன் தொழில் கருவியை நூறு டாலருக்குக் கொண்டுவந்து வரிசையில் நிற்கமாட்டான். இது ஆய்வாளர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆய்வாளர்களும் அதையே சொன்னார்கள்.

அப்படியானால் வரிசையில் நிற்பது யார்?

கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் அதே 2012 டிசம்பரில் ஒரு பெண்மணி ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரிலிருந்து அப்பா கொண்டுவந்தது. வீட்டு அலமாரியில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தது. வாங்கப்போன போலீஸ்காரர்கள் திகைத்துப்போனார்கள். ஜெர்மானியப் படையின் ஸ்டுர்ம்கெவேர் 44, பல்லாயிரம் டாலர் பெறும். "அம்மா, இதை எங்களிடம் கொடுக்காதீர்கள்" என்று அவர்களே தடுத்தார்கள். செய்தி உலகம் சுற்றியது. எல்லோரும் விலையைப் பற்றியே பேசினார்கள். விலையை விடுங்கள். அப்பாவின் பொருள், சுடத் தெரியாது, விற்க ஆள் தெரியாது, குப்பையில் போட முடியாது, பேரப்பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். இப்படிப்பட்டவர்கள்தான் அந்த வரிசையில் நிற்கிறார்கள். புருஷனை இழந்தவர்கள், முதியவர்கள், மகனுடைய மனநிலையைப் பார்த்துப் பயந்துபோன தாய்மார்கள்.

பயப்படக் காரணம் இருக்கிறது. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 தற்கொலை. பாதிக்கு மேல்! நம்முடைய சினிமா காட்டும் அமெரிக்காவில் இந்தக் கணக்கு வருவதே இல்லை. வேறு வழியில் முயன்றவர்களில் பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள். துப்பாக்கியை எடுத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைப்பதில்லை. உடனே யாராவது எழுந்து, திட்டம் நடந்த நகரங்களில் தற்கொலைக் கணக்காவது குறைந்ததா என்று கேட்கலாம். 2021-ல் வந்த ஒரு பெரிய பொருளாதார ஆய்வு தேடிப் பார்த்தது, குறைந்ததாகத் தெரியவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஒரு வீட்டில் நடக்காமல் போன சாவு நகரத்துக் கணக்கில் தெரியாது என்பதுதான் என் பதில். அது முழுமையான பதில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மாசசூசெட்ஸில் ஊஸ்டர் என்று ஓர் ஊர். அங்கே 2002 முதல் இந்தத் திட்டத்தை நடத்திவருபவர் மைக்கேல் ஹிர்ஷ் என்ற குழந்தைகள் அறுவை மருத்துவர். பயிற்சிக் காலத்தில் உடன் பணிபுரிந்த நண்பர் நியூயார்க் தெருவில் சுடப்பட்டு இறந்தார். அந்தக் காயம்தான் இவரை இந்தப் பக்கம் திருப்பியது. அவர் நடத்தும் இடத்தில் துப்பாக்கியைக் கொடுக்க விரும்பாதவருக்கும் விசைப் பூட்டு இலவசம். வீட்டில் வைத்துக்கொள், ஆனால் பூட்டி வை. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. மேயர் பின்னால் நிற்கும் மேசையைவிட இந்தப் பூட்டில் அறிவு அதிகம்.

ஆஸ்திரேலியாவைச் சொல்லாமல் விட்டால் சபை என்னை விடாது. அங்கே 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேரை ஒருவன் சுட்டுக்கொன்றான். பன்னிரண்டே நாளில் பிரதமர் ஜான் ஹோவர்ட் எல்லா மாநிலங்களையும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு உடன்படவைத்தார். ஆனால் அங்கே முதலில் வந்தது தடைச்சட்டம். இந்த வகைத் துப்பாக்கி இனி யாரிடமும் இருக்கக்கூடாது, கொடு, விலை தருகிறேன் என்றார்கள். மருத்துவ வரியைக் கொஞ்சம் ஏற்றி அந்தப் பணத்தைத் திரட்டினார்கள். ஆறு லட்சத்துக்கு மேல் வந்து சேர்ந்தன. எதிர்ப்பு இல்லாமலா? சேல் என்ற ஊரில் துப்பாக்கிக்காரர்கள் கூட்டத்தில் பேசப்போன பிரதமர் கோட்டுக்குள் குண்டு துளைக்காத உடுப்பு அணிந்திருந்தார். கிம்பியில் துணைப் பிரதமர் டிம் ஃபிஷரின் கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். ஃபிஷர் நாட்டுப்புறத்து ஆள். தன் சொந்த வாக்காளர்களிடமே போய்ப் போய் வசவு வாங்கினார். அமெரிக்கப் போலீஸ் நூறு டாலர் கார்டை நீட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவின் பலனை எதிர்பார்ப்பதில் நியாயமே இல்லை.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம். கொடுத்த துப்பாக்கி என்ன ஆகிறது? அரிசோனாவில் டூசான் நகரம் 2013 ஜனவரியில் ஐம்பது டாலர் மளிகைக் கார்டு கொடுத்து இருநூறு துப்பாக்கி வாங்கி அழித்தது. அதே ஆண்டு மாநிலச் சட்டமன்றம், இப்படி வாங்கியவற்றை அழிக்கக்கூடாது, கடைக்காரருக்கு விற்க வேண்டும் என்று சட்டம் போட்டது. நகரம் வழக்காடியது, 2017-ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. இது வெளிப்படையாக நடந்தது. மறைவாக நடந்ததை 2023 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பல நகரங்கள் அழிப்பு வேலையை ஒரு தனியார் நிறுவனத்திடம் விட்டிருந்தன. சட்டப்படி துப்பாக்கி என்று கருதப்படுவது அதன் நடு உடல் ஒன்றுதான். அதை மட்டும் நசுக்கிவிட்டு, குழல், விசை, பிடி எல்லாவற்றையும் கூறுகட்டி இணையத்தில் விற்றார்கள். அப்பாவின் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போன அம்மாளிடம் யாராவது இதைச் சொன்னார்களா? சில தேவாலயங்கள் இப்போது வாங்கிய இடத்திலேயே, கொடுத்தவர் கண்ணெதிரே, முழுத் துப்பாக்கியையும் ரம்பத்தால் துண்டுபோடுகின்றன. போலீஸும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

நம் ஊரில் தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்களே, அதையும் இதையும் ஒப்பிடலாமா என்று துண்டுச் சீட்டு ஒன்று வந்திருக்கிறது. நல்ல கேள்வி. ஆனால் தலைவர் இரண்டாவது முறையாகக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். கலந்துரையாடலில் பேசுவோம்.