மலையா தடை?



ஸ்திரீகள் தனிவழி போகலாகாது என்போருக்கு ஓர் அம்மையாரின் சைக்கிள் யாத்திரையை எடுத்துக்காட்டுகின்றோம்.

அயர்லாந்து தேசத்து டெர்வ்லா மர்ஃபி, தமது 10-வது பிறந்த நாளில் சைக்கிளும் பூகோளப் படப் புத்தகமும் பெற்றார். இந்தியாவுக்குச் சைக்கிளிலேயே போவதென்று அப்போதே தீர்மானித்தார். ஆனால் புறப்பட்டதோ 31-வது வயதில், 1963 ஜனவரியில்! ஏன்? 14-வது வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, 1962-ல் தாயார் இறக்கும்வரை அந்த நோயாளிக்குப் பணிவிடை செய்ய நேரிட்டது.

பிறகு பிரான்சிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தானம் கடந்தார். சிந்து நதிப் பள்ளத்தாக்கில் நெருப்பு வெயில். அடுத்து, 4,000 மீட்டருக்கு மேற்பட்ட பாபுசர் கணவாயில் பனி! சைக்கிளைத் தள்ளியும் தூக்கியும் சென்று, எல்லை தாண்டி ஜூலையில் டில்லி சேர்ந்தார்.

எந்த ஜோசியன் இதற்கு நேரம் குறித்தான்? மாற்று டயர்களை வழியூர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்த புத்தியல்லவா துணை நின்றது!

மலையும் வெயிலும் வருத்தியது ஆறே மாதம். வீடு நிறுத்திவைத்ததோ ஏறக்குறைய பதினாறு வருஷம்! நோயாளியைப் பார்க்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அவ்வேலை பெண்ணுக்கே ஏன் விதிக்கப்பட வேண்டும் என்றுதான் கேட்கின்றோம்.

ஆகவே தோழர்களே, பெண்குழந்தைக்கு நகை சேர்க்குமுன் ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்!