வைஃபை கார்டு வாங்கும் முன்

போன மாதம் என் மகளுக்கு வீடியோவில் வேலை நேர்காணல். மூன்று முறை படம் உறைந்து நின்றுவிட்டது. ரவுட்டர் புதுசு. குறை லேப்டாப்பின் வைஃபை கார்டில், அது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும். நம் பிளாக்கில் ஏறக்குறைய எல்லா ரவுட்டரும் அதிலும் ஓடுகிறது. ஒன்றோடொன்று மோதாத சேனல்களோ 1, 6, 11 என மூன்றுதான். நெரிசல் இருக்காதா? 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கிற கார்டு தேவைப்பட்டது.

அவசரத்தில் இன்டெல் ஏஎக்ஸ்211 வாங்கினேன். ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்தது, வேலை செய்யவில்லை. அதற்கேற்ற இன்டெல் பிராசஸர் உள்ள லேப்டாப்பில்தான் அது ஓடுமாம். எங்களுடையது ஏஎம்டி. பார்க்க அதே மாதிரி இருக்கும் ஏஎக்ஸ்210 போட்டதும் சரியானது. ஒரு எண் வித்தியாசம், பணம் போச்சு!

நீங்கள் வாங்கும் முன் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள். சில லேப்டாப்பில் கார்டு போர்டோடு பற்றவைத்திருக்கும், மாற்றவே முடியாது. கழற்ற முடிந்தால் அளவு 2230-ஆ, ஆன்டெனா வயர் இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். வயர் நுனியை மெதுவாக எடுக்க வேண்டும், சட்டென்று பிய்ந்துவிடும். சில பழைய மாடல்கள் தாங்கள் அங்கீகரித்த கார்டைத் தவிர வேறு எதையும் ஏற்காது. மாடல் எண்ணைச் சொல்லிக் கடையில் கேளுங்கள். வாரண்டி இருந்தால் திறக்கவே வேண்டாம், இரண்டு அலைவரிசையும் பிடிக்கும் யுஎஸ்பி அடாப்டர் போதும்.

திறக்கப் பயமா? ஞாயிறு காலை அசோசியேஷன் அறைக்கு எடுத்து வாருங்கள். ஸ்க்ரூடிரைவர் என்னிடம் இருக்கிறது.