பழைய காரின்மேல் ஏன் இத்தனை ஆசை?



நம் பள்ளியில் ஆறாம் ஆண்டில் படிக்கும் மாணவன் ஒருவன் ஒரு சஞ்சிகைப் படத்தை நம்மிடம் நீட்டினான். கூரையில்லாத, தாழ்வான, இரண்டே பேர் அமரக்கூடிய பழைய கார். "புதுக் கார் வாங்க வசதி உள்ளவங்க எதுக்கு சார் இதை வாங்குறாங்க?" என்று கேட்டான். நல்ல கேள்வி.

படத்தில் இருந்தது எம்.ஜி.பி. என்னும் இங்கிலாந்துக் கார். ஆக்ஸ்ஃபோர்டு நகரில் மோரிஸ் காரேஜஸ் என்ற விற்பனை நிலையத்தை நிர்வகித்து வந்த செசில் கிம்பர் என்பவர், 1920-களில் சாதாரண மோரிஸ் வண்டிகளின் அடிச்சட்டத்தின்மேல் அழகிய உடற்கூடு பொருத்தி விற்கலானார். அந்த நிலையத்தின் முதலெழுத்துகளே எம்.ஜி. பிற்காலத்தில் ஆபிங்டன் என்ற சிற்றூரில் தொழிற்சாலை எழுந்தது. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி. வண்டிகள் செய்யப்பட்டன. பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்கா சென்றது.

இது பணக்காரருக்கென்றே செய்த வண்டியன்று. இதன் 1798 சி.சி. எஞ்சின், அக்காலத்துக் குடும்பக் கார்களில் ஓடிய எஞ்சின் வகையைச் சேர்ந்ததுதான். தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர்கள் அம்பாசடர் காரில் ஏறியிருப்பீர்கள். அதில் பல்லாண்டுகள் ஓடிய 1489 சி.சி. எஞ்சினும் இதற்குப் பங்காளி முறைதான்!

ஆசையின் காரணம் இங்கேதான் இருக்கிறது. எஞ்சின் மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒரு சைக்கிளை நாமே பிரித்துப் பூட்டுவதுபோல, பொறுமையும் சில ஸ்பேனர்களும் உள்ளவர் இதைப் பழுது பார்க்கலாம். இரண்டு கார்புரேட்டர்கள் உண்டு. ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்துக் கேட்பார்கள். இரண்டிலும் 'உஸ்' என்ற ஓசை ஒரே அளவாக வரும்வரை திருகாணியைத் திருகுவார்கள். காதே அங்கே கருவி. (ரப்பர்க் குழாய் என்றதும் நம்மவர்கள் சிரிப்பது தெரிகிறது.)

குறைகளும் ஏராளம். எண்ணெய் கசியும். ஈரத்தில் விளக்கு அணையும். மின்கருவி செய்த கம்பெனியை 'இருட்டின் இளவரசர்' என்று உரிமையாளர்களே கேலி செய்வதுண்டு. எல்லாவற்றிலும் கொடியது துரு. இந்தக் காரில் தனி அடிச்சட்டம் கிடையாது. கதவுக்குக் கீழே உள்ள இரும்புப் பெட்டிப் பகுதிகளே வண்டியைத் தாங்குகின்றன. அவை உள்ளுக்குள் இற்றுப்போனால், மேலே பளபளக்கும் சாயத்தால் பயனில்லை. ஆகவே விவரம் அறிந்தவர் சட்டைப் பையில் காந்தத் துண்டோடு வருவார். காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பூசி மறைத்த புட்டிதான் இருக்கிறது. சேமிப்பைக் கொடுத்த பிறகு இது தெரிய வந்து கலங்கியவர்கள் உண்டு. 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டே புதிய உடற்கூடுகள் செய்கிறார்கள். ஆனால் கூட்டையே மாற்றிவிட்டால் அது அதே கார்தானா? நமக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆபிங்டனில் எம்.ஜி. ஐம்பதாண்டு நிறைவு விழாக் கொண்டாடியது 1979 செப்டம்பரில். விழா முடிந்த கையோடு தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் கடைசி வண்டி வெளியேறியது. தோட்டம் துண்டாடப்பட்டபோது நம் பெரியவர்கள் பட்டதை நினைத்தால், அந்தத் தொழிலாளர் வீடுகளில் அன்றிரவு எப்படி இருந்திருக்கும் என்று நமக்கு விளங்கும். அவர்கள் முடுக்கிய திருகாணிகளை இன்றும் யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமையில் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவையும் கேட்ட மாணவன், "மழை பெஞ்சா உள்ளே ஒழுகுமா சார்?" என்றான்.

ஒழுகும் என்றோம்.