குருதி கொடுத்தவரும் கூட்டாளரே
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் நோயைப் பற்றிய பேச்சா எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். இந்நகரிலிருந்து ஒரு பகற்பொழுதில் எட்டத்தக்க மலைகளில் வாழும் சோலிகரையும், நம் கூடலூர்ப் பணியரையும் குறும்பரையும் பற்றிய பேச்சு இது, ஆதலின் பொறுத்தருள்க.

1952-ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர் இருவர், நீலகிரிப் பழங்குடியினர் குருதியில் அரிவாளணுப் பண்பு உண்டென்று ஆங்கில மருத்துவ இதழொன்றில் எழுதினர். வட்டமாயிருக்க வேண்டிய செவ்வணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும், எலும்பெல்லாம் பொறுக்கலாகா வலி, சோகை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அப்பண்பு வந்த மகவுக்கே நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் துன்பமில்லை. அறிவுலகிற்கு அரிய செய்திதான். குடிசையில் துடித்த குழந்தையின் அன்னைக்கு அவ்விதழ் எட்டியிருக்குமா? கூடலூரில் ஆதிவாசிகளுக்கென ‘அஸ்வினி’ மருத்துவ அமைப்புத் தோன்ற 1990 ஆயிற்று. அங்கே ஆதிவாசிப் பெண்களே தாதியராய்ப் பயின்றனர். ஊர்ச் சுகாதாரப் பணியாளரும் அவர்களே. நோயைத் தேடுவோரும் நோயுற்றோரும் ஒரே மொழி பேசினர். பிலிகிரிரங்கன் மலையில் பெங்களூர் மருத்துவர் சுதர்சன் 1981-இல் நிறுவிய விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரமும் சோலிகரோடு கலந்தே வளர்ந்தது.

கலவாமற் செய்தால் விளைவதென்ன? அமெரிக்காவின் ஹவசுப்பாய்க் குடியினர் நீரிழிவு ஆராய்ச்சிக்கென்று நம்பிக் குருதி கொடுத்தனர். அதைக்கொண்டு மனநோயும், அவர்தம் முன்னோர் வந்த வழியும் ஆராயப்பட்டன. வழக்காடி, 2010-இல் உடன்பாடு கண்டு, எஞ்சிய குருதியைத் திரும்பப் பெற்றனர். தென்னாப்பிரிக்கச் சான் மக்களோ 2017-இல் ஆராய்ச்சியாளர்க்கென ஒழுக்க நெறியே வகுத்துவிட்டனர். நன்கு செய்தார்கள்!

நம் நாட்டில் 2023-இல் தொடங்கிய அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கம் 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்குக் கொண்டது. முடிவு அட்டையாகக் கையில் தரப்படுகிறது. ‘பண்பு உடையவள்’ என்ற ஒரு சொல் ஒரு பெண்ணின் மணத்தையே தடுக்கக்கூடும். அதன் பொருளை அவள் பாட்டிக்கும் விளங்கச் சொல்ல அவ்வூராரைவிட வல்லார் யார்? நாமோ, காலையில் குருதி கொடுத்து, மாலைக்குள் முடிவு வராவிடில் சோதனைக்கூடத்தாரோடு சண்டைக்கே நிற்கிறோம்!

கோடை விடுமுறையில் நம் இளையோர் சிலர் அம்மலைகளுக்குச் செல்லவிருப்பதாய்க் கேள்வியுற்றோம். மகிழ்ச்சி. ஆங்குள்ளாரைப் படமெடுக்குமுன் ஒரு சொல் கேட்டுவிட்டு எடுக்குமாறு அவர்களை வேண்டி அமர்கிறோம்.