பங்குனி வெயிலும் பதினாலு செடியும்: கரிசலில் ஒரு வீட்டுத் தோட்டம்

போன தடவை தை மாசத்துல பேசினப்போ, எங்க வீட்டுப் பின்னாடி பதினாலு செடி நல்லா நிக்குதுன்னு பெருமையா சொல்லியிருந்தேன். கத்தரி அஞ்சு, தக்காளி நாலு, மிளகாய் மூணு, சுரை ரெண்டு. இப்போ பங்குனி கடைசி. அந்தப் பதினாலும் என்ன ஆச்சுன்னுதான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதல்ல ஒரு விஷயம். பிப்ரவரி, மார்ச்சில தோட்டம் ஆரம்பிங்கன்னு சொல்ற வீடியோ நிறைய வருது. அது பனி உருகுற ஊருக்குச் சரி. கோவில்பட்டிப் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை. அதுல ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலேயே பெய்து முடிஞ்சிரும். அதனால நம்ம தோட்டத்துக்குத் தொடக்கம் புரட்டாசி, ஐப்பசி. மாசி, பங்குனியில புதுசா ஆரம்பிக்கிறதைவிட, இருக்கிறதைக் காப்பாத்துறதுதான் வேலை.

இது தெரிஞ்சும் நான் மாசியில ஒரு தப்பு பண்ணினேன். கரிசல் மண் ஈரத்துல உப்பும், காய்ஞ்சா சுருங்கும். அதுல இருக்கிற களியோட குணம் அப்படி. மாசி பாதியிலேயே பாத்தியில விரல் நுழையிற அளவுக்கு வெடிப்பு விட்டுருச்சு. நான் பயந்துபோய் குழாயை மாட்டி, வெடிப்பு நிறையத் தண்ணி விட்டேன். தண்ணி பூரா வெடிப்பு வழியா கீழே இறங்கிருச்சு. மேல வேர் இருக்கிற இடம் சரியா நனையவே இல்லை. மறுநாள் மத்தியானம் கத்தரி இலை எல்லாம் துவண்டு தொங்குது.

பக்கத்து வீட்டு ஆச்சி சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துட்டே இருந்தாங்க. "ஏ தாயி, தண்ணிய எதுக்குப் பாதாளத்துக்கு அனுப்புத? முதல்ல வெடிப்ப மூடு"ன்னாங்க. அவங்க மானாவாரியில பருத்தியும் மிளகாயும் வெச்சு வளர்ந்தவங்க. களைகொத்தி எடுத்துட்டு வந்து செஞ்சே காட்டினாங்க. தண்ணி ஊத்தின மறுநாள், மேல்மண் லேசா காய்ஞ்சதும் ஒரு விரல் ஆழத்துக்கு மட்டும் கொத்தணும். உதிர்ந்த மண் வெடிப்புக்குள்ள விழுந்து மூடிக்கும். மேல ஒரு புழுதிப் படலம் நின்னுரும். கீழே இருக்கிற ஈரம் மேல ஏறி ஆவியாகிற வழி அதோட அறுந்துபோகும். வெடிப்பு விரியும்போது வேர் அறுறதும் குறையும்.

காட்டுல களை இல்லாதப்பவும் ஏன் கொத்துறாங்கன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சது. நம்ம ஊர்ல 1901-லேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்தாச்சு. மானாவாரி மண்ணுல ஈரத்தை எப்படி நிறுத்துறதுங்கிறது அவ்வளவு பழைய கேள்வி. புழுதிக்கு மேல நான் நிலக்கடலைத் தோலை ரெண்டு அங்குலம் பரப்பினேன். இங்க அதுக்குப் பஞ்சம் இல்லை.

ஆனா வெடிப்பை மூடிட்டா தண்ணி கூடிராதே. எங்க தெருவுல தினமும் குழாய்த் தண்ணி வராது. குடிக்கிற தண்ணியைச் செடிக்கு ஊத்த எனக்கு மனசு வராது. அரிசி கழுவின தண்ணி, காய்கறி அலசின தண்ணி எல்லாம் சேர்த்தா ஒரு நாளைக்கு ரெண்டு குடம் தேறும். சோப்புத் தண்ணியைச் சேர்க்கிறதில்லை. கரிசல் ஏற்கெனவே காரத்தன்மை உள்ள மண். ஒரு செடிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் அரைக் குடம்னு வெச்சா, எட்டுச் செடிக்குத்தான் தண்ணி காணும். எங்கிட்ட இருந்தது பதினாலு.

ஆறு செடியை விடணும். எதை விடுறது? சுரைக்குப் பெரிய இலை, குடிக்கிறதும் அதிகம். ரெண்டு காய் பறிச்சதும் அந்தக் கொடிகளை எடுத்துட்டேன். அது கஷ்டமா இல்லை. தக்காளிதான் கஷ்டம். அது என் மக நட்டது. தினமும் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி பூ எண்ணுவா. பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டினா தக்காளிப் பூ காயாகாம உதிர ஆரம்பிக்கும். "அம்மா, பூவெல்லாம் கீழ கெடக்கு"ன்னு ஒருநாள் வந்து நின்னா. தண்ணி ஊத்தினாலும் இனி காய் வராதுன்னு சொன்னேன். மூணு நாள் எங்கிட்டப் பேசலை. அவ குடிக்கிற பாட்டில்ல மிச்சம் இருந்ததைத் தினம் ஒரு செடிக்கு ஊத்திட்டு இருந்தா. நான் தடுக்கலை. பதினஞ்சு நாள்ல அவளே பிடுங்கிப் போட்டுட்டா.

மிச்சம் எட்டும் இருக்கு. கத்தரியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு, தூர்ல மக்கின எரு வெச்சேன். இப்போ துளிர் விட்டிருக்கு. மிளகாய் காய்க்குது, காய் மட்டும் சின்னது. கத்தரிக்கு ஊத்துற தண்ணியிலேயே வளரட்டும்னு இடையில சீனியவரை போட்டோம். மகதான் விதைச்சா. வெயில் தாங்குற செடி, முளைச்சு மூணு இலை விட்டிருக்கு. அவ இப்போ அதை எண்ணிட்டு இருக்கா.

இன்னும் ஒண்ணு. மூலையில தானா வந்த அதலைக்கொடி ஒண்ணு இருந்தது. ஐப்பசி மழைக்கு முளைச்சு, மார்கழி வரைக்கும் காய் கொடுத்துச்சு. இப்போ கொடி சருகாயிருச்சு. செத்துப்போச்சுன்னு மக கொத்தப் போனா. ஆச்சிதான் நிறுத்தினாங்க. கீழே கிழங்கு இருக்கும், மழை வந்தா மறுபடி முளைக்கும்னாங்க. அதுக்குச் சொட்டுத் தண்ணி ஊத்தலை. அந்த இடத்தை மிதிக்காம நாலு கல்லை மட்டும் அடுக்கி வெச்சிருக்கோம்.

உங்க வீட்டுல இந்த வெயிலுக்கு எத்தனை குடம் தண்ணி தேறும்னு முதல்ல எண்ணிப் பாருங்க. செடியை அதுக்கப்புறம் எண்ணலாம். சித்திரை முடிஞ்சு கத்தரி எப்படி இருக்குன்னு வந்து சொல்றேன்.